மூணுக்கு ஒண்ணு: கயித்துல ஒரு மனுஷனை மேல தூக்குற கணக்கு

2022 பிப்ரவரியில பாலக்காடு பக்கம் மலம்புழாவுல நடந்த மீட்பு வீடியோவை உங்கள்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க. நண்பர்களோட குரும்பாச்சி மலை ஏறப் போன ஒரு இளைஞர் சறுக்கி விழுந்து, செங்குத்தான பாறை நடுவுல ஒரு சின்னப் பொந்துல மாட்டிக்கிட்டார். உட்கார மட்டும்தான் இடம். சாப்பாடு, தண்ணி எதுவும் இல்லாம 40 மணி நேரத்துக்கு மேல அங்கேயே இருந்தார். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வந்து பார்த்துட்டு, நெருங்க முடியாம திரும்பிப் போச்சு. கடைசியில ராணுவக் குழு வந்து, மலை உச்சியிலிருந்து ஒரு வீரர் கயித்துல இறங்கி, தண்ணி குடுத்து, ஹார்னஸ் மாட்டி, ரெண்டு பேரையும் சேர்த்து மேல இழுத்தாங்க. குன்னூர் பக்கத்துல வெலிங்டன்ல இருக்கிற மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் ஆட்களும் அந்தக் குழுவுல இருந்தாங்க.

அந்த வீடியோவுக்குக் கீழ நிறைய பேர் கேட்ட கேள்வி: "கயித்தைப் போட்டு இழுக்கிறதுக்கு ஏன்டா இவ்ளோ நேரம்?"

கேள்வி நியாயம்தான். இறங்குறதை நம்ம எல்லாரும் சினிமாவுல பார்த்திருக்கோம். கயித்துல ஒரு பிரேக் சாதனத்தை மாட்டினா மிச்ச வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கும். ஏத்துறதுன்னு வரும்போது அதே புவியீர்ப்பு எதிர்க்கட்சி ஆயிடுது. அதனாலதான் மீட்புக் குழுக்கள்ல இருக்கிறவங்க, முடிஞ்சா ஆளை மேல தூக்காம கீழ இறக்கிக் கொண்டுபோகத்தான் பார்ப்பாங்க. வேற வழியே இல்லாதப்போதான் தூக்குறது. இன்னிக்கு எபிசோட் முழுக்க அந்தத் தூக்குறதைப் பத்திதான்.

முதல்ல எவ்வளவு எடைன்னு பார்ப்போம். மாட்டிக்கிட்டவர் 70 கிலோ, கூட வர்ற மீட்பு வீரர் 75 கிலோ, ஹார்னஸ், ஹெல்மெட், இரும்புச் சாமான் எல்லாம் சேர்த்து ஒரு 180 கிலோன்னு வைங்க. இந்த 180 கிலோவை வெறும் கயித்துல இழுத்தா மேல நிக்கிறவங்களுக்கு 180 கிலோவாத் தெரியுமா? தெரியாது, இன்னும் அதிகமாத் தெரியும். காரணம், கயிறு பாறை விளிம்புல 90 டிகிரி மடங்கி வருது. இன்ஜினியரிங் முதல் வருஷத்துல மெக்கானிக்ஸ் பேப்பர்ல பெல்ட் ஃப்ரிக்ஷன்னு ஒண்ணு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே மறந்து போனது. ஒரு உருளையைச் சுத்திக் கயிறு போகும்போது, சுத்துற கோணம் கூடக் கூட ரெண்டு பக்க டென்ஷனுக்கும் உள்ள விகிதம் மடங்கு கணக்குல ஏறும். உராய்வு எண் 0.3, கோணம் 90 டிகிரின்னு போட்டா சுமார் 1.6 வரும். அதாவது 180 கிலோ, மேல இழுக்கிறவங்களுக்கு கிட்டத்தட்ட 290 கிலோ. பாறை இன்னும் சொரசொரப்பா இருந்தா இரட்டிப்புக்குப் பக்கத்துல போயிடும்.

கையுறை போட்ட ஒருத்தர் கயித்தைப் பிடிச்சு விடாம தொடர்ந்து இழுக்கிற விசை சராசரியா 20-25 கிலோ எடைக்குச் சமம்னு மீட்புப் பயிற்சிகள்ல ஒரு கைக்கணக்கு வச்சிருக்காங்க. அப்போ 290 கிலோவுக்கு 12 பேர் வேணும். மலை உச்சியில 12 பேர் வரிசையா நிக்க இடம் எங்க இருக்கு? அதனால, புல்லியைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடியே நல்ல குழு செய்ற முதல் காரியம், விளிம்புல ஒரு ரோலரை வைக்கிறது. ரோலர் வச்சா அந்த 1.6 கிட்டத்தட்ட 1.1 ஆகும், 290 கிலோ 200 ஆகும். இந்த 90 கிலோ மிச்சத்துக்கு யாரும் கை தட்ட மாட்டாங்க. ஆனா மொத்த வேலையிலயே மலிவான, உருப்படியான மேம்பாடு அதுதான்னு நான் சொல்வேன். கோடு ஆப்டிமைஸ் பண்றவங்களுக்கு இது புரியும்.

சரி, இப்போ புல்லி. எங்க பாட்டி ஊர்ல சகடைன்னு சொல்வாங்க, சில ஊர்ல ராட்டினம், பாடப்புத்தகத்துல கப்பி. கிணத்து மேல மாட்டியிருக்கிற சகடை உங்க வேலையைக் குறைக்குதா? 15 கிலோ வாளிக்கு நீங்க 15 கிலோ விசைதான் குடுக்குறீங்க, கூடவே கொஞ்சம் உராய்வு. ஒரு கிலோகூடக் குறையல. அது பண்றதெல்லாம் திசையை மாத்துறதுதான். குனிஞ்சு மேல இழுக்கிறதுக்குப் பதிலா நிமிர்ந்து நின்னு, உடம்பு எடையையும் சேர்த்துக் கீழ இழுக்கிறீங்க. அதனால சுலபமாத் தெரியுது. ஆனா யாரும் கவனிக்காத ஒண்ணு: சகடை தொங்குற அந்தக் கட்டைக்கு வாளியோட 15, உங்க கையோட 15, ரெண்டும் சேர்ந்து 30 கிலோ. வேலை குறையல, மேல இருக்கிற கட்டைக்குச் சுமை மட்டும் இரட்டிப்பு. மீட்பு வேலைல இதை மறந்துட்டு, ஒல்லி மரத்துல புல்லியைக் கட்டினா கதை முடிஞ்சது.

விசை நிஜமாவே குறையணும்னா புல்லி நகரணும். சுமையோட சேர்ந்து புல்லியும் மேல வரணும். அப்போதான் ஒரே சுமையை ரெண்டு மூணு இழைக் கயிறு பங்கு போட்டுக்கும்.

மலையேறுறவங்களும் தீயணைப்பு ஆட்களும் அதிகமாப் பயன்படுத்துற அமைப்புக்கு இசட் ரிக்னு பேரு. பனிப்பாறைப் பிளவுல விழுந்தவங்களை வெளிய எடுக்க மலையேறிகள் முதல்ல கத்துக்கிறது இதைத்தான். காதால கேட்டுப் புரிஞ்சிக்கிறது கொஞ்சம் கஷ்டம், ஆனா முயற்சி பண்ணுவோம். காத்துல விரலால வரைஞ்சு பாருங்க. பஸ்ல இருந்தா பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

சுமையிலிருந்து கயிறு மேல வருது. ஆங்கர்ல, அதாவது பாறையிலயோ பெரிய மரத்துலயோ கட்டியிருக்கிற ஒரு புல்லியைச் சுத்தி, மறுபடி சுமை இருக்கிற பக்கமாப் போகுது. அங்க, முதல்ல வந்த அதே கயித்து மேல ஒரு சின்னக் கயித்து வளையத்தை முடிச்சுப் போட்டு, அதுல ரெண்டாவது புல்லியை மாட்டியிருக்காங்க. கயிறு அதைச் சுத்தி, திரும்ப ஆங்கர் பக்கமா உங்க கைக்கு வருது. இங்கிலீஷ் எழுத்து இசட் மாதிரி இருக்கா? அவ்வளவுதான்.

இப்போ எண்ணுவோம். உங்க கையில 1 பங்கு விசை. உராய்வே இல்லைன்னா ஒரே கயித்துல எல்லா இடத்துலயும் அதே 1 தான். ரெண்டாவது புல்லியில ஒரு பக்கம் 1, மறுபக்கம் 1, ஆகமொத்தம் அந்தப் புல்லி முடிச்சை 2 பங்கு இழுக்குது. ஆங்கரைச் சுத்தி வந்த கயித்துல இன்னொரு 1. முடிச்சுக்குக் கீழ எல்லாம் கூடினா 3. நீங்க 1 குடுத்தா சுமைக்கு 3 கிடைக்குது. ஆங்கருக்கு 2. எந்தப் புல்லி அமைப்பைப் பார்த்தாலும் இப்படிக் கையில 1-ல ஆரம்பிச்சு ஒவ்வொரு புல்லியாக் கூட்டிட்டே போனா விடை வந்துடும். ஃபார்முலா மனப்பாடம் தேவையே இல்லை.

இதெல்லாம் காகிதத்துல. நிஜத்துல ஒவ்வொரு புல்லியும் கமிஷன் எடுக்கும். நல்ல பால் பேரிங் புல்லி பத்து சதவீதத்துக்குள்ள எடுக்கும். புல்லி இல்லாம வெறும் காரபைனர்ல கயித்தை ஓட்டினா கிட்டத்தட்ட பாதி போயிடும். போட்டுப் பார்க்கலாம். ரெண்டுமே நல்ல புல்லின்னா 1, கூட 0.9, கூட 0.81. மொத்தம் 2.71. ரெண்டுமே காரபைனர்னா 1, 0.5, 0.25. மொத்தம் 1.75. மூணுன்னு நினைச்சுக் கட்டினது ரெண்டுகூட இல்லை.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி ஒண்ணு இருக்கு. உங்க கையில ஒரே ஒரு நல்ல புல்லி, ஒரு காரபைனர் இருக்கு. நல்லதை எங்க வைப்பீங்க, ஆங்கர்லயா, நகர்ற இடத்துலயா? கைக்குப் பக்கத்துல, நகர்ற இடத்துல வச்சா 1, 0.9, 0.45, மொத்தம் 2.35. ஆங்கர்ல வச்சா 1, 0.5, 0.45, மொத்தம் 1.95. அதே சாமான், அதே கயிறு, இடம் மட்டும் மாறுது. கைக்குப் பக்கத்துல நடக்கிற நஷ்டம் பின்னாடி வர்ற எல்லா இழையையும் பாதிக்கும். அதனால நல்லது எப்பவும் கைக்குப் பக்கத்துல. இண்டர்வியூ கேள்வியா இதைக் கேட்கலாம்னு தோணுது.

அப்போ 3 போதலைன்னா 9 கட்டலாமே? கட்டலாம். ஒரு இசட்டோட இழுக்கிற முனையை இன்னொரு இசட்டால இழுத்தா மூணு மூணு ஒம்போது. நல்ல புல்லியில சுமார் 7.3 கிடைக்கும். நாலும் காரபைனரா இருந்தா 1.75 பெருக்கல் 1.75, சுமார் 3. அதாவது நாலு காரபைனர் வச்ச ஒம்போது, உராய்வே இல்லாத ஒரு மூணுக்குச் சமம். அதுக்கும் மேல ஒரு விலை இருக்கு: ஆளை 1 மீட்டர் ஏத்த 9 மீட்டர் கயித்தை இழுக்கணும். விசையில மிச்சம் பிடிச்சதை எல்லாம் தூரத்துல கட்டியாகணும், தள்ளுபடி கிடையாது.

அந்தத் தூரம்தான் நேரம். ஆங்கருக்கும் விளிம்புக்கும் நடுவுல 6 மீட்டர் இடம் இருக்குன்னு வைங்க. நகர்ற புல்லி 5 மீட்டர் வந்ததும் ஆங்கர்ல வந்து முட்டும். நிறுத்தணும். சுமையை ஒரு பூட்டுல ஒப்படைச்சுட்டு, புல்லியை மறுபடி விளிம்புப் பக்கம் தள்ளிட்டு, திரும்ப இழுக்கணும். 60 மீட்டர் பாறைன்னா இப்படி 12 தடவை. ஒவ்வொரு தடவையும் கீழ தொங்குறவர் ஒரு அரை நிமிஷம் அப்படியே நிப்பார். வீடியோவுல நம்மளுக்கு "ஏன் நிறுத்திட்டாங்க"ன்னு தோணுற இடம் இதுதான்.

பூட்டுன்னு சொன்னேன்ல, அதுதான் இந்த மொத்த அமைப்போட உயிர். பழைய, இன்னமும் ஓடுற வழி புரூசிக் முடிச்சு. கார்ல் புரூசிக்னு ஒரு ஆஸ்திரிய மலையேறி 1931-ல வெளியிட்டது. மெல்லிய கயித்து வளையத்தைப் பெரிய கயித்து மேல மூணு சுத்து சுத்துறது. கையால தள்ளினா நகரும், சுமை விழுந்தா இறுகிப் பிடிச்சுக்கும். சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா ஒவ்வொரு அடிக்கும் கமிட் ஆகிட்டே வருது. பவர் போனாலும் கடைசி கமிட்ல நிக்கும்.

இதைச் சோதிக்க மீட்புக் குழுக்கள்ல ஒரு வழக்கம் இருக்கு, விசில் டெஸ்ட்னு பேரு. இப்போ இந்த நொடி ஒருத்தர் விசில் ஊதி, எல்லாரும் கையில இருக்கிறதை அப்படியே விட்டுட்டா, கீழ இருக்கிறவர் விழுவாரா? விழுவார்னா அமைப்பு தப்பு, கலைச்சுட்டு மறுபடி கட்டு. தேனீ கொட்டலாம், கல் உருளலாம், இழுக்கிற ஆளுக்கு மயக்கம் வரலாம். மனுஷக் கை கயித்தைப் பிடிச்சிருக்குங்கிறதை நம்பி யாரையும் தொங்கவிடக் கூடாது. இதோட இன்னொரு கேள்வியும் கேட்பாங்க: எந்த ஒரு சாமான் உடைஞ்சா மொத்தமும் போகும்? அதனாலதான் தனியா ரெண்டாவது கயிறு, தனி ஆங்கர். நம்ம ஆபீஸ்ல சர்வருக்கு ரெண்டு ரீஜன் வேணும்னு சண்டை போடுறோமே, அதே சண்டைதான்.

குழுவுக்குள்ள பேசுறதுக்கும் விசில்தான், காத்துல குரல் கேட்காது. ஒரு விசில் நிறுத்து, ரெண்டு மேல, மூணு கீழ. நிறுத்துங்கிறதுக்கு ஒண்ணு வச்சதுல ஒரு அர்த்தம் இருக்கு பாருங்க. அவசரத்துல யாருக்கும் ரெண்டு தடவை ஊத நேரம் இருக்காது. நிறுத்துன்னு சொல்ற உரிமை எல்லாருக்கும் உண்டு. இன்னிக்குத்தான் சேர்ந்த பையன் சொன்னாலும் நிறுத்தியே ஆகணும்.

போன எபிசோடுக்கு வந்த கேள்வி ஒண்ணு இங்க பொருந்தும். "எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ஜீப்ல கட்டி இழுத்தா என்ன?" நேர்மையான கேள்வி. பதில், விசை பத்தாம இல்லை, விசை ரொம்ப அதிகம். மேல வர்ற ஸ்ட்ரெச்சர் ஒரு பாறை உதட்டுக்கு அடியில மாட்டிக்குதுன்னு வைங்க. நாலு பேர் கையால இழுத்தா உடனே தெரியும், கயிறு கனக்கும், ஒருத்தர் "நிறுத்து"ம்பார். ஜீப் டிரைவருக்கு ஒண்ணும் தெரியாது. ஆக்ஸிலேட்டர் அதே மாதிரிதான் இருக்கும். அங்க மாட்டியிருக்கிறது காலா இருக்கலாம். ரொம்பப் பலமான புல்லி அமைப்புக்கும் இதே ஆபத்து உண்டு. அதுக்காகத்தான் ரொம்ப நாளா ஒரு கைவிதி சொல்லிட்டு வர்றாங்க: இழுக்கிற ஆட்களோட எண்ணிக்கையை அமைப்போட மடங்கோட பெருக்கினா 12-ஐத் தாண்டக் கூடாது. மூணு மடங்கு அமைப்புன்னா 4 பேர் போதும், அஞ்சாவது ஆள் ஆசையா வந்தாலும் கயித்தைத் தொடக் கூடாது.

இழுக்க இடமே இல்லாத இடம் ஒண்ணு இருக்கு: குகை. 2014 ஜூன்ல ஜெர்மனியில ரீசென்டிங் குகைக்குள்ள, கிட்டத்தட்ட 1000 மீட்டர் ஆழத்துல, யோஹான் வெஸ்ட்ஹவுசர்ங்கிற ஆய்வாளர் தலையில கல் விழுந்து அடிபட்டுக் கிடந்தார். வெளிய கொண்டுவர 11 நாள் ஆச்சு, பல நாட்டுலேர்ந்து 700-க்கும் மேற்பட்டவங்க வேலை பார்த்தாங்க. இந்த மாதிரிக் குகைகள்ல ஐரோப்பியக் குழுக்கள் அதிகம் நம்புற வழி எதிர்எடை. மேல ஒரே ஒரு புல்லி. ஒரு பக்கம் ஸ்ட்ரெச்சர், மறுபக்கம் ஒரு மீட்பு வீரர் தானே தொங்குவார். தராசு மாதிரி ரெண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம், அதனால லேசா இழுத்தாலே ஸ்ட்ரெச்சர் ஏறும், அவர் இறங்குவார். நம்ம கிணத்துச் சகடைதான், வாளிக்கு எதிர்ப்பக்கம் ஒரு மனுஷன். எனக்கு இதுதான் எல்லா முறையிலயும் அழகானது. மேல இருக்கிற ஆங்கர் மட்டும் ரெண்டு பேர் சுமையையும் தாங்கணும்.

மலை, குகை எல்லாம் நம்மள்ல பல பேருக்கு வருஷத்துல ஒரு டிரிப். தினமும் நம்ம தெருவுல இருக்கிற ஆழம், மேன்ஹோல். இந்த எபிசோடை நான் எடுத்ததுக்கு அதுதான் காரணம்.

சாக்கடையில உருவாகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு முதல்ல அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். 100 பிபிஎம் தாண்டினா சில நிமிஷத்துல மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. ஆயிரம் பிபிஎம் பக்கம் போனா ஒண்ணு ரெண்டு மூச்சுலயே ஆள் சாஞ்சிடுவார். மேல நிக்கிறவர் என்ன பண்ணுவார்? தம்பியோ மச்சானோ கண்ணு முன்னாடி விழுந்து கிடக்கிறான், 10 அடி கூட இல்லை. இறங்கிடுவார். அப்புறம் மூணாவது ஆள். நியூஸ்ல "மூவர் பலி"ன்னு வர்றதுல பாதிக் கதை இதுதான். அமெரிக்காவுல நியாஷ் அமைப்பு 1986-ல வெளியிட்ட எச்சரிக்கையில, இந்த மாதிரி அடைபட்ட இடங்கள்ல சாகுறவங்கள்ல 60 சதவீதத்துக்கும் மேல காப்பாத்தப் போனவங்கன்னு சொல்லியிருக்கு.

புல்லி இங்க என்ன பண்ணும்? அங்க 5 அடிக்கு மேல ஆழமான இந்த மாதிரி ஆபத்தான குழின்னா, ஆளை மேல எடுக்க இயந்திர சாதனம் வச்சிருக்கணும்னு அமெரிக்க விதி சொல்லுது. வாய் மேல ஒரு முக்காலி, அதுல புல்லி, கையால சுத்துற வின்ச். இறங்குறவர் ஹார்னஸ் போட்டு, முதுகுல தோள்பட்டைக்கு நடுவுல கயிறு மாட்டியிருக்கும். விழுந்தா மேல இருக்கிற ஒரே ஆள் சுத்தி எடுத்துடலாம், யாரும் இறங்க வேண்டாம். கயிறு ஏன் முதுகுல? அப்போதான் உடம்பு நேரா, ஒல்லியா மேல வரும். இடுப்புல கட்டியிருந்தா உடம்பு ரெண்டா மடிஞ்சு அந்த ரெண்டடி வாயில சிக்கிக்கும். நம்ம ஊர்ல பெரும்பாலும் பார்க்கிறது இடுப்புக் கயிறுதான், அதுவும் இருந்தா.

இதுல ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். முக்காலி இருக்குன்னு மனுஷனை இறக்கலாம்னு அர்த்தம் இல்லை. பாதுகாப்பு இல்லாம சாக்கடைக்குள்ள, செப்டிக் டேங்குக்குள்ள ஆளை இறக்குறது 2013 சட்டப்படி குற்றம். செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம்னு 2014-ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு, 2023-ல அதை 30 லட்சம் ஆக்குச்சு. செப்டிக் டேங்கைச் சுத்தம் பண்ண ஐஐடி மெட்ராஸ்ல ஹோமோசெப்னு ஒரு ரோபோவே பண்ணியிருக்காங்க. தூக்குற கணக்கைப் பத்தி இவ்வளவு நேரம் பேசினேன், ஆனா இந்த இடத்துல சரியான கணக்கு பூஜ்யம். இறங்கவே கூடாது.

உங்க அபார்ட்மெண்ட்ல செப்டிக் டேங்க் சுத்தம் பண்ண யாரோ ஒருத்தரை செக்ரட்டரி கூட்டிட்டு வந்தா, "மெஷின் வருதா, ஆள் இறங்குறாரா"ன்னு வாட்ஸ்அப் குரூப்ல கேளுங்க. ஏற்கெனவே யாராவது உள்ள விழுந்துட்டா, இறங்காதீங்க, பக்கத்துல நிக்கிறவரையும் கையைப் பிடிச்சு நிறுத்துங்க. ஹார்னஸும் கயிறும் மாட்டியிருந்தா மேல இருந்தே இழுங்க. 101 அல்லது 112-க்குப் போன் பண்ணி, சாக்கடையா, செப்டிக் டேங்கா, கிணறா, எத்தனை பேர் உள்ள, எவ்வளவு நேரமாச்சு, இந்த மூணையும் சொல்லுங்க. மூச்சுக்கருவியோட வரணும்ங்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க.

அடுத்த வாரம் லிஃப்ட் கயிறு அறுந்தா என்ன ஆகும்ங்கிற கேள்வியோட வர்றேன். இதுவும் ஒரு லிஸனர் கேட்டதுதான், 14-வது மாடியிலேர்ந்து.